இரண்டு ஓட்டும் கழிந்துவிடும்

"பேரைச் சொல்லும்மா. விலாசமும்," என்றாள் வெர்லீன்.

ஆர்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடமாக அவள் வீட்டில் காபி குடிப்பவள் வெர்லீன். வாக்குச்சாவடி மேசையில் உட்கார்ந்ததும் ஆர்லிஸ் யாரென்று மறந்துவிட்டதாக்கும்.

"சட்டம்மா. நான் என்ன பண்ண?"

"ஆர்லிஸ் பிரெக்கே. க்ரீக் சாலை," என்றாள் குரலைத் தாழ்த்தி. பயனில்லை. தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுச் சாவடியாக்கிய கொட்டகை அது. முணுமுணுத்தாலே எதிரொலிக்கும். வரிசையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கத்தான் செய்வார்கள். அவள் இங்கே வரக் கூடாதவள்.

போன வெள்ளிக்கிழமை, ஊரே மீன் வறுவல் சாப்பிடக் கூடும் விடுதியில், அவளும் அவள் கணவன் ஓரினும் அத்தனை பேர் முன்னாலும் கைகுலுக்கிக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஓட்டுப் போடப் போவதில்லை என்று. யோசனை ஓரினுடையது.

"நீ வேணும்னு போடுவே, நான் வேண்டாம்னு போடுவேன். ரெண்டும் கழிஞ்சுடும். எதுக்கு வீணா பெட்ரோலைக் கொளுத்தணும்?"

பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள். குளிர்காலம் முழுக்க இவர்கள் சண்டையைக் கேட்டு அவர்களுக்கும் அலுத்துப்போயிருந்தது.

சண்டை பள்ளிக்கூடத்தைப் பற்றி. ஊர் ஆரம்பப் பள்ளியை நடத்தப் பணம் இல்லை. வீட்டுக்கும் நிலத்துக்குமான வரியை உயர்த்தலாமா என்று ஊர்க்காரர்களிடமே ஓட்டுக்கு விட்டுவிட்டார்கள். வேண்டாம் என்று முடிவானால் ஜூனில் பள்ளிக்குப் பூட்டு. ஆறு வயதுப் பிள்ளையும் முப்பது மைல் பஸ்ஸில் போக வேண்டும். அந்தப் பள்ளியின் சமையலறை ஆர்லிஸுடையது. இருபத்திரண்டு வருடமாக அவள்தான் அங்கே சமைக்கிறாள்.

வேண்டும் என்று முடிவானால் அடி ஓரினுக்கு. முந்நூறு ஏக்கருக்கும் வரி ஏறும்.

"பால் விலை படுத்துக் கிடக்கு. நிலம் இருக்கிறவன் எல்லாம் பணக்காரன்னு எவன் சொன்னான்? மண்ணையா வெட்டித் தின்கிறது?" என்பான்.

அதுவும் பொய்யில்லை. அவளுக்கு எரிச்சலே அதில்தான். அவன் பேசுவது முழுத் தப்பாக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டலாம்.

வீட்டுப் பாதையின் இந்தப் பக்கம் அவள் நட்ட 'வேண்டும்' பலகை, அந்தப் பக்கம் அவன் நட்ட 'வேண்டாம்'. டிராக்டரில் அவன் பனி தள்ளும்போதெல்லாம் குவியல் அவள் பலகை மேல்தான் விழும். கேட்டால் காற்று அப்படி அடிக்கிறது என்பான்.

சாப்பாட்டு மேசையில் வரி, படுக்கையில் வரி என்று நாலு மாதம் போனது. கைகுலுக்கிய பிறகுதான் வீட்டில் கொஞ்சம் அமைதி. அதையும் கெடுத்துக்கொள்ள வந்து நிற்கிறாள். நாளைக்குத் தெரிந்தால் நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது? இது துரோகம் இல்லை என்று தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டாள்.

வெர்லீன் குனிந்து கிசுகிசுத்தாள். "நீ வருவேன்னு தெரியும். என் பையனோட புள்ளைங்க ரெண்டும் அங்கதானே படிக்குது."

ஆர்லிஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவை எடுத்தாள்.

வாக்காளர் பட்டியலில் அவள் பெயருக்குக் கீழே ஓரின் பெயர். கையெழுத்துக்கான கட்டம் காலியாக இல்லை. 'முன்கூட்டியே வாக்களித்தவர்' என்று அச்சாகியிருந்தது.

"இது என்ன?"

"ஓரினா? அவர் எப்பவோ முடிச்சுட்டாரே. ரெண்டு வாரம் முன்னாடி, முன்கூட்டி ஓட்டு ஆரம்பிச்ச முதல் நாளே. நான் கதவைத் திறக்கிறேன், மனுஷன் வாசல்ல நிக்கிறார்."

இரண்டு வாரம். கைகுலுக்கியதோ நாலு நாளைக்கு முன்னால்.

தன் ஓட்டைப் போட்டு முடித்து, பத்து நாள் பொறுத்து, வாயில் மீனை மென்றுகொண்டே அவள் ஓட்டைக் கழித்திருக்கிறான். இன்று காலைகூட நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, "பார்த்தியா, சொன்ன சொல்லு சொன்னதுதான். வாசலைத் தாண்டலை," என்றான். பசு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான் பாவி. அந்த முகத்தை நம்பித்தான் கண் கலங்க வண்டியைக் கிளப்பினாள்.

"கையெழுத்தைப் போடும்மா. பின்னால ஆள் நிக்கிறாங்க."

போட்டாள். அழுத்தின அழுத்தில் தாள் பொத்துப்போனது.

தடுப்புக்குள் போய் வாக்குச்சீட்டை விரித்து, 'வேண்டும்' என்பதற்கு எதிரே இருந்த வட்டத்தைத் துளி வெள்ளை தெரியாமல் கறுப்பாக்கினாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வழியாக ஒன்றைப் பார்த்திருந்தாள். தெற்கு வயலோரம் ஓரின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நிலம் வாங்க வந்த ஆளிடம் தலைகுனிந்து பேசிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. வேலை போனால் போகட்டும், ஒரே ஒரு தடவை இந்த மனுஷன் பக்கம் நிற்போம் என்று தீர்மானித்து, யாருக்கும் சொல்லாமல் 'வேண்டாம்' என்று குறிக்கத்தான் அவள் வந்திருந்தாள்.