முகமூடிக்குள் ஒரு கேள்வி

"முகமூடி போட்டுக்கிட்டா மனசுல உள்ளத பேசலாமா டீச்சர்?" என்று நேற்று கேட்ட லோஷினி, இன்று பிஸ்கட் பெட்டி அட்டையில் செய்த முகமூடியுடன் வகுப்பின் முன்னால் நிற்கிறாள். சன்னல் வழியே செம்பனை ஓலைகளின் நிழல் அவள் வெள்ளைச் சட்டையில் அசைகிறது. நழுவும் அட்டையை இரு கைகளாலும் பிடித்துச் சரிசெய்துகொண்டே இருக்கிறாள். "வாய்க்கு ஓட்டை போட மறந்துட்டா லா!" என்று பவித்ரன் கத்த, வகுப்பு சிரிக்கிறது. சிரிப்பு அடங்கியதும் அட்டைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வருகிறது: "அம்மா எப்ப வீட்டுக்கு வருவாங்க?" அந்தத் தாயை இனி வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள் என்பது, போன வாரம் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்குப் பழம் கொண்டுபோய்ப் பார்த்துவந்த குமுதா டீச்சருக்குத் தெரியும். "நல்லா பேசினம்மா" என்று மட்டும் சொல்லிக் கைதட்டுகிறாள். மணியடித்துப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். முருகக் கடவுளை நினைத்தபடி குமுதா, பிள்ளைகளுக்கு மாதிரி காட்டத் தான் செய்த முகமூடியை மாட்டிக்கொண்டு, லோஷினியின் காலி நாற்காலி முன் குனிந்து, தான் தரவேண்டியிருந்த பதிலைத் தருகிறாள்: "வரமாட்டாங்கம்மா."