புகை விடாத கார்

அர்த்தநாரியின் கார் இன்றும் சத்தமில்லாமல் கிளம்பிப் போனது. பின்னால் ஒரு பொட்டுப் புகை இல்லை. வாய்க்கால் மேட்டிலிருந்து இறங்கிப் பாலத்தருகே பனைமரங்களுக்குப் பின்னால் மறையும் வரை கருப்புசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மேட்டின் மேலுள்ள நல்லேப்பிள்ளி டாக்சி ஸ்டாண்டில் இருந்தவை இரண்டே கார்கள். இரண்டும் ஒரே வயதுக் கிழட்டு அம்பாசடர்கள். கருப்புசாமி தன் காரைக் கிளப்பினால் நீலப் புகையில் எதிரே இருக்கும் டீக்கடை மறைந்துவிடும்.

ஸ்டாண்டுக்கு எதிர்வீட்டுக் கமலாத்தாள் தயங்கித் தயங்கி வந்தாள். "பொண்ணு கல்யாணத்துக்கு அர்த்தநாரி காரைச் சொல்லிட்டமுங்கண்ணா. மனசுல வெச்சுக்காதீங்க."

"ஏனுங்கம்மணி, இந்த ஊர்ல எந்தப் பொண்ணு என்ர கார்ல ஏறாம மணவறைக்குப் போயிருக்குது?"

"போன கல்யாணத்துல உங்க காருக்குப் பின்னால வந்தவங்க இருமிக்கிட்டேதான் எறங்குனாங்க. அந்தக் காரு போறதை வாசல்ல நின்னு நெதமும் பாக்கறனுங்களே. பூனையாட்டப் போகுது."

பூனை. அந்தச் சொல்லைக் கருப்புசாமியால் உதற முடியவில்லை.

அர்த்தநாரி எஞ்சினில் ஏதோ சிவப்பு டப்பா மருந்து ஊற்றுவதை அவர் பார்த்திருக்கிறார். ஸ்டாண்டில் நிழல் இருந்தும், வெயில் கொளுத்துகிற மேட்டு விளிம்பில்தான் அவன் எப்போதும் காரை நிறுத்துவான். அந்தத் தனி இடம்கூடத் திமிர் என்றே கருப்புசாமிக்குப் பட்டது.

அதே டப்பாவை வாங்கிக்கொண்டு மெக்கானிக் செபாஸ்டினிடம் போனார்.

"தேஞ்ச இரும்பு மருந்துல வளருமாங்க?" செபாஸ்டின் சிரித்தான். "ஆயில் கொஞ்சம் கட்டியாகும். சூடேறாம ஓட்டுனா ரெண்டு நாளைக்குச் சத்தம் அடங்கும், புகை கொறையும். அப்பறம் பழைய குருடிதான்."

"அவன் காருக்கு மட்டும் எப்பிடிக் கேக்குது?"

"அவுரு இங்க கொண்டுவந்தே வருசமாச்சு. எனக்கெப்பிடித் தெரியும்?"

கருப்புசாமி யோசித்தார். மருந்தில் ஒன்றும் இல்லை என்றால் அவன் எஞ்சின்தான் நல்ல எஞ்சின். கமலாத்தாள் சொல்லியிருந்ததும் காரைத்தான், ஓட்டுகிறவனை அல்ல. அதோடு, இரண்டு நாள் என்பது அவருக்கு அதிகம்; அரை நாள் போதும்.

மறுநாள் காலையில் டப்பா முழுவதையும் தன் எஞ்சினில் ஊற்றிவிட்டு, ஸ்டாண்டில் எஞ்சினை ஓடவிட்டார். புகையைக் காணோம். அர்த்தநாரி அருகில் வந்து பானட்டின் மேல் கை வைத்துப் பார்த்தான்.

"என்னுங்கண்ணா, புதுசாட்ட ஓடுது? மருந்து கிருந்து ஊத்துனீங்களா?"

"நம்ம காருக்கு அதெல்லாம் எதுக்குப்பா? பழக்கற கையில இருக்குது." சற்று நேரம் கழித்து, அக்கறையில்லாதவர் போலக் கேட்டார். "காருக்குக் கார் மாத்திக்கலாமா?"

அர்த்தநாரியின் கண்ணில் ஆசை தெரிந்தது. "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துக்கலாமுங்களா?"

ஒரு ரவுண்டு ஓடினால் எஞ்சின் சூடேறும். குட்டு வெளிப்பட்டுவிடும்.

"நீயும் ஓட்ட வேண்டாம், நானும் ஓட்ட வேண்டாம். நம்ம மாட்டுச் சந்தை வழக்கந்தான். கயிறு கை மாறுனா மாறுனதுதான். அப்பறம் உதைக்குது, பால் கறக்கலைன்னு திரும்பி வரப்படாது. சம்மதமா?"

அர்த்தநாரி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சம்மதமுங்க."

டீக்கடையில் இருந்தவர்கள் சாட்சி. சாவிகள் கை மாறின.

கருப்புசாமி நிமிர்ந்து நடந்து மேட்டு விளிம்புக்குப் போனார். எதிர்வாசலில் கமலாத்தாள் நிற்பதைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு இந்தக் காரை நானே கொண்டாரனுங்கம்மணி" என்று சொல்லிவிட்டு, பூனை மேல் ஏறி உட்காருகிறவர் போல மெதுவாக ஏறி உட்கார்ந்தார். சாவியை நுழைத்தார்.

அர்த்தநாரி ஓடி வந்து ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சாவியெல்லாம் இங்க வேண்டாமுங்கண்ணா. பிரேக்கை மட்டும் உடுங்க, வாய்க்காப் பாலம் வரைக்கும் தானா உருளும். புகை அதுக்கு அந்தப் பக்கந்தான்."