மஞ்சள் வயர்

"டி.வி. இல்லைன்னா என்ன, இந்தத் திரை இருக்குல்ல? இதுல வரவழைச்சுக் குடுங்க தம்பி. மூணு மணிக்குள்ள வந்தாகணும்."

மேசைமேல் இருந்த பழைய கம்ப்யூட்டர் மானிட்டரைத் தட்டிக் காட்டினாள் அவள். மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு பத்து.

முந்தின நாள்தான் அந்த வீட்டு டி.வி. கீழே விழுந்து திரை விரிசல் விட்டிருந்தது. உதிரிப் பாகம் வரப் பத்து நாளாகும் என்று அவன் கையை விரித்துவிட்டான். அவள் விடுவதாக இல்லை. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை. அரை நாள் லீவு போட்டாள். மகள் படித்த காலத்து மானிட்டரைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தாள். செட்டாப் பாக்ஸிலிருந்து வயரையும் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவனுக்குப் போன் செய்தாள்.

"மாட்டினா என்ன வருது?"

"நீங்களே பாருங்க."

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: 'இந்தத் திரைக்கு அனுமதி இல்லை.'

"நெனச்சேன். இது பூட்டுக்கா. யாரும் நகல் எடுத்துடக் கூடாதுன்னு வச்சது. படத்தை அனுப்புறதுக்கு முன்னாடி, 'நீ யாரு, அடையாளம் சொல்லு'ன்னு திரைகிட்ட பெட்டி கேக்கும். புது டி.வி.ன்னா டக்குனு பதில் சொல்லிடும். இந்தக் கிழட்டு மானிட்டருக்கு அந்தக் கேள்வியே புரியாது. பேந்தப் பேந்த முழிக்கும். சரி, இவன் திருடன்தான்னு பெட்டி கதவைச் சாத்திடும்."

"நாங்க என்ன, நகல் எடுத்துத் தெருவுல விக்கவா போறோம்? ஒழுங்கா சந்தா கட்டித்தானே பாக்குறோம்?"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரியாதே."

"கம்பெனிக்கும் போன் பண்ணிட்டேன். அரை மணி நேரம் பாட்டுக் கேக்க வச்சாங்க. அப்புறம் ஒரு பொண்ணு வந்து, 'புது டி.வி. வாங்கிக்கோங்க மேடம்'னு சொல்லிட்டு வச்சிடுச்சு."

அவன் வேறு வயர் மாட்டினான். பெட்டியை அணைத்துப் போட்டான். திரையின் அளவை மாற்றினான். அனுமதி மட்டும் வரவில்லை.

ஜன்னலோரம் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். புத்தகம் பைண்டு செய்பவர். எங்கோ விசேஷத்துக்குக் கிளம்பியவர்போல் இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. அந்தக் கறுப்புத் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சார், அந்த ஸ்டூலைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்களேன்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரொம்பத் தலைக்கனம்போல என்று மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. அவளே வந்து ஸ்டூலைத் தள்ளினாள்.

"சாருக்கு என்மேல கோவமா?"

"சேச்சே. பதட்டம். காலையிலேருந்து ஒரு வாய் சாப்பிடல."

"போன்லயே பாக்கலாமே அக்கா?"

"அதுல பொடிசா இருக்கும். ஒண்ணும் புரியாது."

"பக்கத்து வீட்டுல?"

"எங்க வீட்டுல, எங்க நாற்காலியில உக்காந்துதான் அவர் பாக்கணும். வேற வழி சொல்லுங்க."

மணி இரண்டு முப்பத்தைந்து. அவன் கருவிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தான். அவள் செட்டாப் பாக்ஸைத் தூக்கி, முதுகுப் பக்கம் திருப்பினாள்.

"இங்க சிவப்பு, வெள்ளை, மஞ்சள்னு மூணு ஓட்டை சும்மா கிடக்கே. இது எதுக்கு?"

"அதெல்லாம் அந்தக் காலத்து..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். "அட! அந்த வழியில இந்தப் பூட்டே கிடையாதுக்கா! படம் கொஞ்சம் மங்கலா வரும். மானிட்டருக்குப் புரியுற மாதிரி மாத்தித் தர ஒரு சின்ன டப்பா வேணும். கடையில ஒண்ணு கிடக்கு."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?" அவள் வாசல் கதவைத் திறந்து பிடித்தாள்.

வியர்க்க விறுவிறுக்க அவன் திரும்பி வந்தபோது மூன்றுக்கு ஏழு நிமிஷம். மஞ்சள் வயரைச் செருகினான். திரை இரண்டு முறை துடித்தது. படம் வந்தது!

"வந்துடுச்சுக்கா! இனி சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. இந்த மானிட்டர்ல ஸ்பீக்கர் இல்ல. ஒரே ஓட்டம், கடையிலேருந்து எடுத்துட்டு வந்துடுறேன்."

"வேண்டாம் தம்பி. இது போதும்."

"சத்தமே வராதுக்கா!"

"வராட்டி போகட்டும்."

"அரைகுறை வேலை பாத்தான்னு என் பேரு கெட்டுடும்."

"கெடாது. உக்காருங்க."

மூன்று மணி. செய்தி தொடங்கியது. திரையில் பளிச்சென்று ஓர் இளம்பெண் வாயசைத்தாள். மெக்கானிக்குக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது.

"உங்க பொண்ணு செய்தி வாசிக்கிறாங்களா! முதல் நாளா? நல்லா இருக்கே, பெத்தவங்க அந்தக் குரலைக் கேக்க வேணாமா?"

"அவ இல்ல தம்பி. கீழ, வலது பக்க மூலையில பாருங்க."

அங்கே ஒரு சின்ன வட்டத்துக்குள் கறுப்பு உடையில் நின்ற பெண் ஒருத்தி, இரண்டு கைகளாலும் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாற்காலியிலிருந்து எழுந்த அப்பா திரைக்கு அருகே போய் நின்றார். இமைக்காமல் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்ப, அவருடைய பத்து விரல்களும் காற்றில் படபடவென்று ஓடின.

மெக்கானிக் மெதுவாக எழுந்து நின்றான். "என்னக்கா சொல்றார்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"'அவசரத்துல வார்த்தைய முழுங்கிடுவாளோன்னு பயந்துட்டே இருந்தேன், ஒரு எழுத்துகூட முழுங்கல'ங்கிறார்."