கீழ்த்தட்டுத் தேயிலை

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். துணிப்பையின் அடியில் சுருட்டி வைத்திருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, கணவரின் தேயிலை டப்பாவில் மளமளவென்று கொட்டினாள்.

வெறும் பொட்டலத்தைக் கசக்கி வெங்காயத் தோலுக்கு அடியில் புதைக்கும்போதும் கண் குளியலறைப் பக்கமே இருந்தது. மூன்று மாதமாகச் செய்கிற வேலைதான். இன்னும் பழகவில்லை.

விஷமொன்றுமில்லை. சூப்பர் மார்க்கெட்காரர்கள் தங்கள் கடைப் பெயரையே போட்டு மலிவாக விற்கிற தேயிலை. டப்பா மட்டும் கணவரின் கம்பெனியுடையது.

அந்தப் பெரிய தேயிலைக் கம்பெனியில் அவருக்கு ருசி பார்க்கும் வேலை. வரிசையாக நாற்பது கிண்ணம் வைத்தால், ஒவ்வொரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, எது எந்தத் தோட்டத்து இலை, எந்த வாரம் பறித்தது என்று சொல்லிவிடுவார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நாக்கு’. வீட்டுக்குப் போன் செய்தால்கூட நாக்கு இருக்காரா என்றுதான் கேட்பார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சலில் நாலு நாள் படுத்து எழுந்து வேலைக்குப் போனவர், சாயங்காலம் முகம் செத்துத் திரும்பி வந்தார். வியாபாரம் படுத்துவிட்டதாம். இனிப் பாதிச் சம்பளம்தானாம். மாதாமாதம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தேயிலையும் கிடையாதாம். அவள் மேற்கொண்டு எதையும் துருவவில்லை.

மறுநாளே எண்ணெய், பருப்பு, சோப்பு என்று ஒவ்வொன்றாகக் கீழ்த்தட்டுக்கு இறங்கினாள். மலிவுச் சரக்கைக் கடைக்காரன் எப்போதும் காலடியில்தான் வைப்பான், குனிகிறவர்களுக்குத்தான் அகப்படும். அவர் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளை மேலங்கிகூட இப்போதெல்லாம் துவைக்க வருவதில்லை, அங்கேயே துவைத்துவிடுகிறார்களாம். அதிலும் கொஞ்சம் சோப்பு மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

மற்றதையெல்லாம் சொல்லித்தான் மாற்றினாள். தேயிலையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. பாட்டு வாத்தியார் எதிரில் சுருதி தப்பிப் பாடுவது போலக் கூச்சமாக இருந்தது. எப்படியும் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார், இரண்டு வார்த்தை திட்டினால் திட்டட்டும் என்று டம்ளரை நீட்டினாள்.

“நல்லாருக்கு” என்றார்.

அன்றைக்குத் தப்பித்தோம் என்றிருந்தது. ஒரு வாரம் போனபின் அதே வார்த்தை உறுத்த ஆரம்பித்தது. கல்யாணமான பதினோரு வருடத்தில் அவர் ஒரு நாளும் நல்லாருக்கு என்று சொன்னவரில்லை. தண்ணீர் ஒரு கொதி கூடிவிட்டது என்பார், டப்பாவைச் சரியாக மூடவில்லை என்பார், எதுவுமே அகப்படாவிட்டால் பாலைக் குறை சொல்வார். இப்போது வைக்கோலை வேகவைத்த மாதிரி ஒன்றைக் கொடுத்தாலும் நல்லாருக்கு.

காய்ச்சல் விட்டபின் சிலருக்கு நாக்கு மரத்துப்போகும் என்று மருந்துக்கடைப் பெண் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ருசி பார்க்கிறவருக்கு நாக்கு போவது தச்சனுக்குக் கை போவது மாதிரி. கம்பெனிக்குத் தெரிந்தால் பாதிச் சம்பளமும் போய்விடும். அதைவிட, தனக்கு இப்படி ஆகிவிட்டது என்று மனுஷன் ஒற்றையாளாக உள்ளேயே வைத்துப் புழுங்குகிறாரே என்பதுதான் அவளைத் தின்றது.

குளித்துவிட்டு வந்தவருக்குத் தேநீர் கொடுத்தாள். ஆறு வயது மகள் வழக்கம்போல் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, ரொட்டித் துண்டை அவர் டம்ளரில் தோய்த்து வாயில் போட்டாள். உடனே முகத்தைச் சுளித்துக் கையில் துப்பினாள்.

“அப்பா, இது நல்லாவே இல்ல.”

“நல்லாத்தான்டா இருக்கு” என்று சொல்லி, மீதியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. மகளைப் பக்கத்து அறையில் போய் விளையாடச் சொல்லிவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து காட்டி, எந்தக் கடை, எந்தத் தேயிலை, எத்தனை நாளாக என்று ஒன்று விடாமல் சொன்னாள். நாக்கு போனால் போகட்டும், வைத்தியம் பார்க்கலாம், கம்பெனிக்குத் தெரியாமல் சமாளிக்கலாம், நாளைக்கே டாக்டரிடம் போவோம் என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கெஞ்சினாள்.

அவர் டப்பாவுக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்தார். கசக்கி, முகர்ந்து, திரும்பப் போட்டார்.

“நாக்குக்கு ஒண்ணும் ஆகல” என்றார் மெதுவாக. “அன்னிக்கு முதல் வாய்லயே தெரிஞ்சுது, எந்தக் கடைத் தூள்னு.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“தெரிஞ்சும் ஏங்க ஒரு வார்த்தை கேக்கல?”

அவர் டப்பாவை மூடி அவள் பக்கம் நகர்த்தினார்.

“மூணு மாசமா அந்தக் கடைக்கு இந்தத் தூளைப் பாக்கெட் போடுறதே நான்தான்.”