முற்றத்தில் ஒரு கிடாரம்

"கூடப்பிறந்த தங்கச்சிக்கு ஒரு கை தூக்கவும் வரமாட்டாராம். நல்ல அண்ணன்!"

பிள்ளையார் கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னான் சுதாகரன்.

அன்று கோயிலை நடத்தும் வண்ணக்கரைத் தெரிவுசெய்யும் நாள். அந்த ஊரில் குடி என்னும் வம்சம் தாய்வழியில் வரும். ஆனால் வண்ணக்கர் மட்டும் எப்போதும் ஆண்தான். முதல் தடவையாக ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். இலட்சுமிப்பிள்ளை.

அவளுடைய அண்ணன் இளையதம்பியைக் கூப்பிட்டதற்கு, "எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை கிடக்கு" என்று முடித்துவிட்டார்.

சுதாகரன் பேச எழும்பினான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவன்.

"நியூசிலாந்தில பொம்புளையளுக்கு வாக்குக் குடுத்து நூற்றிமுப்பது வருசம் தாண்டிட்டு. நாம இன்னும் யோசிக்கிறம்!"

"அங்க நம்மட பிள்ளையார் இல்லையே தம்பி," என்றார் முன்வரிசையில் இருந்த பெரியவர் நாகரெத்தினம். மண்டபமே சிரித்தது.

கைகளை எண்ணினார்கள். இலட்சுமிப்பிள்ளைக்கு நாற்பத்தொன்று. எதிராக முப்பத்தெட்டு. கூட்டம் என்றால் எட்டியும் பார்க்காத பெண்கள், அன்று இரண்டு வரிசை நிறைய இருந்தார்கள்.

இலட்சுமிப்பிள்ளை பிள்ளையாரைப் பார்த்துக் கையெடுத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"என்ட பேச்சுத்தான் அக்கா இவங்கள அசைச்சது," என்றான் சுதாகரன். "வாங்க, உங்கட அண்ணனிட்ட நாலு கேள்வி கேட்டிட்டு வருவம்."

இளையதம்பி வீட்டு முற்றத்தில் மூன்று கல் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அதன்மேல் பெரிய கிடாரம். பக்கத்தில் பாய் நிறைய சோற்றுப் பார்சல்கள். மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பருப்பு அள்ளிக்கொண்டிருந்தார்.

"வெண்டிட்டியா புள்ள?" என்றார் தங்கையைக் கண்டதும்.

"ஓம் அண்ண. மூண்டு கையால. இதென்ன இது?"

"பொம்புளையள் அடுப்ப விட்டிட்டு எப்பிடி வாற எண்டு கேட்டாங்க. இண்டைக்கு உங்கட வீட்டுச் சமையல் என்ட பாடு, நீங்க போய்க் கைய தூக்குங்க எண்டன். இனி வீடு வீடாக் குடுக்கோணும்."



இளையதம்பி ஒரு பார்சலை எடுத்துச் சுதாகரனின் கையில் வைத்தார்.

"உன்ட வீட்டுக்கும் கட்டித்தான் வச்சன் தம்பி. ஆனா உன்ட பொஞ்சாதி அஜந்தா மட்டும் கூட்டத்துக்கு வரமாட்டன் எண்டிட்டா. 'அவர் பேசிட்டுப் பசியோட வருவார், சமைச்சு வையெண்டு சொல்லிட்டுப் போனவர்' எண்டா."