பிரபாவின் கடைசி ஆட்டம்

டைம் அவுட் விசில் ஊதியதும் எல்லாரும் கோச்சிடம் ஓடினார்கள். நான் அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

இரண்டு அணியும் சமம். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. அதோடு என் ஆட்டமும் முடிந்தது. நாளையிலிருந்து வங்கியின் கூடைப்பந்து அணிக்குப் பாயின்ட் கார்டு நான் இல்லை. முப்பத்தைந்து வயது ஆகிவிட்டதாம், இனி கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டுமாம்.

கால் இன்னும் சொன்ன பேச்சு கேட்கிறது சார், இன்னும் இரண்டே வருஷம் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். விதி விதிதான் என்றுவிட்டார்கள்.

கடைசி ஆட்டத்தை எங்கள் உத்திரமேரூரில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் தலையாட்டினார்கள். ஊருக்காகக் கேட்கவில்லை. அம்மாவுக்காகக் கேட்டேன்.

இந்த மைதானத்தில்தான் ஆறாவது படிக்கும்போது முதலில் பந்தைத் தொட்டேன். வகுப்பிலேயே நான்தான் குள்ளம். குள்ளச்சிக்கு எதற்குக் கூடைப்பந்து என்று சிரித்தார்கள். கை வேகத்தைப் பார்த்து, பந்தை எடுத்துக்கொண்டு போய்ப் பங்கிட்டுக் கொடுக்கிற பாயின்ட் கார்டு வேலையைக் கொடுத்தார்கள். அந்த வேலைதான் விளையாட்டு விடுதி, வங்கி உத்தியோகம், தேசியப் போட்டி என்று என்னை எங்கெங்கோ கொண்டுபோனது.

அம்மா பேர் பவளம். பவளத்தின் மகள் ஆடாத ஊர் இல்லை. பவளம் பார்த்த ஆட்டம்தான் ஒன்றுகூட இல்லை.

கூப்பிட்டால் நடவு என்பாள், களை என்பாள், கால் வலி என்பாள். அரை டிராயர் போட்டுக்கொண்டு ஆடுவது பிடிக்கவில்லை போல என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு வந்துவிட்டாள். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அவள் உட்கார்ந்திருந்த லட்சணம் இருக்கிறதே! மைக் பிடித்த ராஜாராம் சார் ஊர்ப் பாசத்தில் உயிரை விட்டுக் கத்திக்கொண்டிருந்தார். பந்து பிரபா கையில், நம் மண்ணின் மகள் பிரபா என்று ஓயாமல் அதே பேர். பாயின்ட் கார்டு கையில்தான் பந்து பாதி நேரம் இருக்கும், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கூட்டமும் சேர்ந்துகொண்டது. அவர்கள் கத்தக் கத்த அம்மா தலையைக் குனிந்துகொண்டே போனாள். இப்போது எழுந்தே விட்டாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட? ஒரு நிமிசம் உக்கார முடியாதா உன்னால? நான் இன்னா பாவம் பண்ணேன்?"

திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர்.

"அந்தப் பேர அவங்க கத்தக் கத்த எனுக்கு நெஞ்ச அடச்சிக்கினு வருது அம்முலு."

"எம் பேருதானேம்மா?"

"உம் பேரு அம்முலு."

வீட்டில் நான் அம்முலுதான். செல்லப் பேர் என்று இருந்தேன். ஒரு நாள்கூட அம்மா என்னைப் பிரபா என்று கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"பிரபா உனுக்கு ரெண்டு வருசம் மூத்தவ. ஜொரத்துல பூட்டா. நடக்கக்கூட ஆரம்பிக்கல அது." மூக்கை முந்தானையில் துடைத்தாள். "நான் நடவுக்குப் போனா உன்ன வூட்ல பாத்துக்க ஆளில்ல. பள்ளிக்கோடத்துல சேக்கப் போனா வயசு பத்தலன்னாங்க. அவ பேரயும் வயசயும் சொல்லி சேத்துட்டேன்."

எனக்கு முன்னால் ஒன்று பிறந்து தவறிப்போனது தெரியும். அதற்கும் ஒரு பேர் இருந்திருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

வகுப்பில் நான் மட்டும் ஏன் அவ்வளவு குள்ளம் என்று இப்போது புரிந்தது. அப்படியானால் எனக்கு முப்பத்து மூன்றுதான். நான் கெஞ்சிக் கேட்ட அதே இரண்டு வருஷம். வெளியே சொன்னால் ஆட்டம் திரும்பி வராது, இருக்கிற வேலையும் போகும். அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அழுகிறவளை என்னவென்று உலுக்குவது?

"போறதுன்னா போம்மா," என்றேன்.

விசில் ஊதியது. கோச் திட்டிக்கொண்டே என்னை உள்ளே தள்ளினார்.

எதிரணிப் பெண் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து என் கைக்கு வந்தது. கடைசி நேரத்தில் நான் அவசரப்பட மாட்டேன். பந்தைத் தட்டிக்கொண்டே நின்று, விரலைக் காட்டி, ஒவ்வொருத்தியும் அவளவள் இடத்துக்குப் போன பிறகுதான் நகருவேன். அப்படித்தான் நின்றேன். பிரபா, பிரபா என்று மைதானமே கத்தியது. அடுத்தவள் நகையைத் திருடிப் போட்டுக்கொண்டு நிற்பது போல உடம்பு கூசியது.

அத்தனை கூச்சலுக்கும் மேலே கேட் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. வயலில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"ஓடு பிரபா! ஓடுடி எந் தங்கமே, ஓடு!"

அம்மா கூப்பிட்டது என்னை இல்லை.

ஓடினேன்.