முதலில் நிற்கும் பெயர்

“என்ர பெயர் முதலாவதா இருக்கிற கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கினம் எண்டா, வாசிச்சவனுக்கு அறிவு மட்டு. அவ்வளவுதான். நீர் பயப்பிடாதேயும்.”

காரை ஓட்டிக்கொண்டே பேராசிரியர் சவுந்தரநாயகம் சொன்னார். பக்கத்தில் இருந்த டிலான் தலையை ஆட்டினான். கொட்டாஞ்சேனையிலிருந்து ஆய்விதழ் ஒன்றின் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

டிலான் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு நேர்முகம். ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளிவந்தால்தான் கூப்பிடவே செய்வார்கள். அதற்காகத் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்களின் முதுகு வலியைப் பற்றி எழுதினான். அவனுடைய அப்பா கிளறன்சும் அங்கே சுமந்து சுமந்து இடுப்பு விட்டுப்போனவர்தான். வேலை விட்டு வருகிறவர்களைத் தேநீர்க் கடையில் மடக்கி, ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த கட்டுரை.

எழுதி முடித்ததும் பேராசிரியரின் பெயரை மேலேயும் தன் பெயரைக் கீழேயும் போட்டான். அந்தத் துறையில் அதுதான் பழக்கம். துறைத் தலைவரான அவர் பெயர் இல்லாமல் எதுவும் வெளியே போகாது. போடலாமா என்று அவரை யாரும் கேட்பதில்லை. ஏன் போட்டாய் என்று அவரும் கேட்பதில்லை. ‘எழுதியவர்கள் எல்லோரும் வாசித்துச் சம்மதித்தோம்’ என்று ஆய்விதழ் கேட்ட இடத்திலும் டிலானே சரி போட்டு அனுப்பிவிட்டான்.

கட்டுரை திரும்பி வந்தது. வாசித்து மதிப்பிட்டவர் யாரோ, கிழித்திருந்தார். எழுதியவர் துறைமுகத்து வாசலையாவது கண்டவரா என்று சந்தேகமாம். அதை அப்பாவுக்கு வாசித்துக்காட்ட டிலானுக்கு வாய் வரவில்லை. வேறு வழியின்றிப் பேராசிரியரிடம் போய் நின்றான்.

அவர் கோபிக்கவில்லை. வாரும், நானே வந்து கதைக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். கட்டுரை எதைப் பற்றியது என்று கேட்கவில்லை. தன் பெயரோடு பட்டங்களையும் போட்டானா என்று மட்டும் கேட்டார். மதிப்பீட்டை நீட்டியபோது, குப்பையை வாசித்துக் கண்ணைக் கெடுக்கமாட்டேன் என்று தள்ளிவிட்டார்.

ஆய்விதழின் அலுவலகம் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு மாடி அறை. ஆசிரியர் மெற்றில்டா இருவரையும் இருத்தி, பிளேன்டீ கொடுத்தார். நானே உங்களைக் கூப்பிட இருந்தேன், வந்தது நல்லது என்றார்.

பேராசிரியர் சுற்றி வளைக்கவில்லை. அந்தக் கட்டுரைக்காகத் தானும் இந்தப் பிள்ளையும் பட்ட பாட்டைச் சொன்னார். உறங்காமல் உழைத்தார்களாம். டிலான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்கள் கட்டுரையை வாசிச்சனீங்கள்தானே, சேர்?” மெற்றில்டா சாதாரணமாகத்தான் கேட்டார்.

தான் போட்ட சரி பொய் என்று வெளிப்பட்டால், டிலானுக்கு நேர்முகம் என்ன, இருக்கிற வேலையும் போய்விடும்.

“என்ன கேள்வி இது? வரிக்கு வரி வாசிச்சனான்.”

வேலை தப்பியது என்று டிலானுக்கு நிம்மதி. அதோடு முகத்தை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

கட்டுரையைக் கிழித்தவனின் பெயர் வேண்டும் என்றார் பேராசிரியர். மெற்றில்டா மறுத்தார். எழுதியவர்களுக்கு அதைச் சொல்லக்கூடாது என்பதுதான் ஒழுங்கு. பெயர்ப் பக்கத்தைக் கழற்றிவிட்டுத்தான் வாசிக்கக் கொடுப்பார்கள். யார் எழுதியது என்று வாசிக்கிறவருக்கும் தெரியாது, முடிவு சொல்லும்வரை ஆசிரியருக்கே தெரியாது என்று விளக்கினார்.

“ஒளிச்சிருந்து கல்லெறியிறவனுக்கு நீங்கள் காவலா?” என்றார் பேராசிரியர்.

 மெற்றில்டா டிலானிடம் திரும்பினார்.

“தம்பி, குறை நினைக்காமல் கொஞ்சம் வெளியில இருங்கோ.”

டிலான் மாடிப்படியில் போய் நின்றான். கீழே தண்டவாளத்தில் ஒரு ரயில் போனது. உள்ளே சத்தம் எழும்பும் என்று காத்திருந்தான். எழும்பவில்லை. சரி போட்ட கதை பிடிபட்டுவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டான். மட்டக்குளியில் மீன் வாங்கி விற்கும் தெரிந்த வாடிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எங்காவது கணக்கு எழுத ஆள் எடுப்பார்களா?

கதவு திறந்தது. பேராசிரியர் மெதுவாக வந்து, அவனுக்குப் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“டிலான், உள்ள போய் என்ர பெயரை எடுத்துவிடச் சொல்லும். உம்மட பெயர் மட்டும் நிக்கட்டும். வேற ஒராளிட்ட வாசிக்கக் குடுக்கிறாவாம், நேர்முகத்துக்கு முன்னம் முடிவு வரும்.”

தன்னைக் கைகழுவிவிட்டார் என்றுதான் டிலானுக்குப் பட்டது. “சேர், அந்த ஆள் எழுதினதை நீங்களும் நம்பிட்டீங்களோ? அவருக்குத் துறைமுகத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது.”

“ஓம் தம்பி, தெரியாதுதான்.” பேராசிரியர் கடலைப் பார்த்தபடி சொன்னார். “கட்டுரை பெயரில்லாமல் என்ர மேசைக்கு வந்தது. கிழிச்சு எழுதி அனுப்பினவன் நான்தான்.”